குமரிக் கரையில் நீரோட்ட ரேடார்: அதிர்வெண்ணும் இடமும் தேர்வது எப்படி

கரையிலிருந்து ரேடியோ அலையை அனுப்பி, கடலலையில் பட்டுத் திரும்பும் எதிரொலியைக் கொண்டு நீரோட்ட வேகத்தை அளப்பதுதான் நீரோட்ட ரேடார். முதலில் அதிர்வெண்ணை முடிவு செய்யுங்கள். குமரி மாவட்டத்துக்கு 13.5 மெகாஹெர்ட்ஸ்தான் பொருந்தும். அதன் அலைநீளம் 22 மீட்டர். அதில் பாதி, அதாவது 11 மீட்டர் நீளக் கடலலைகளிலிருந்து எதிரொலி வலுவாகத் திரும்பும். நீரோட்டமே இல்லாவிட்டாலும் அந்த எதிரொலி, அனுப்பிய அதிர்வெண்ணிலிருந்து 0.375 ஹெர்ட்ஸ் விலகி நிற்கும். நொடிக்கு அரை மீட்டர் நீரோட்டம் இருந்தால் இன்னும் 0.045 ஹெர்ட்ஸ் நகரும். அளப்பது இந்த நகர்வைத்தான். மேல் ஒரு மீட்டர் நீரின் வேகமே இதில் தெரியும். அடிநீரோட்டத்துக்கு இதை நம்பக் கூடாது.

25 மெகாஹெர்ட்ஸில் படம் நுணுக்கமாக வரும். ஆனால் அலை 4 மீட்டரை நெருங்கும்போது அலை உயரக் கணக்கு குலைந்துவிடும். ஆனி, ஆடியில், மிகவும் தேவைப்படும் நேரத்தில் அது கைவிடும். 13.5-இல் அந்த வரம்பு சுமார் 7 மீட்டர், நீரோட்டம் தெரியும் தூரமும் 60–70 கி.மீ. இவ்வகை ரேடாருக்கென 13.45–13.55 மெகாஹெர்ட்ஸ் பட்டை 2012-இல் உலக அளவில் ஒதுக்கப்பட்டது. ஆனாலும் உரிமம் வாங்காமல் சிக்னல் அனுப்பக் கூடாது.

ஒரு நிலையம் தன்னை நோக்கி வரும் அல்லது விலகும் வேகத்தை மட்டுமே தரும். திசை தெரிய இரண்டு நிலையங்கள் வேண்டும். அவற்றின் பார்வைக் கோடுகள் 30 முதல் 150 டிகிரிக்குள் வெட்டிக்கொள்ள வேண்டும். கன்னியாகுமரிக்கும் முட்டத்துக்கும் இடையே சுமார் 25 கி.மீ. இரண்டுக்கும் நடுவிலிருந்து நேராகக் கடலுக்குள் 46 கி.மீ. போனதும் கோணம் 30-க்குக் கீழே இறங்கிவிடும். கன்னியாகுமரியைத் தேங்காய்ப்பட்டணத்தோடு இணைத்தால் இடைவெளி 45 கி.மீ.; ரேடார் எட்டும் எல்லைவரை கோணம் தாங்கும். ஆனால் முட்டம் முனை குறுக்கே நீட்டிக்கொண்டிருப்பதால் ராஜாக்கமங்கலம் கரையோரக் கடல் அங்கிருந்து தெரியாது. நிலத்தின் மேல் போகும் சிக்னல் சீக்கிரமே தேய்ந்துவிடும். பணம் இருந்தால் மூன்று இடத்திலும் நிறுவுங்கள். இரண்டுதான் முடியும் என்றால், கன்னியாகுமரியோடு கரையோர வள்ளங்களுக்கு முட்டம், ஆழ்கடல் விசைப்படகுகளுக்குத் தேங்காய்ப்பட்டணம்.

ஆன்டெனா நீர்விளிம்புக்கு எவ்வளவு நெருக்கமோ அவ்வளவு நல்லது. உலர்ந்த மணல் சிக்னலை உறிஞ்சும். ஓர் அலைநீளத்துக்குள், அதாவது 22 மீட்டருக்குள், இரும்பு வேலி, மின்கம்பி, மொபைல் டவர் எதுவும் கூடாது. பிறகு ஒரு வள்ளத்தில் பதில் சிக்னல் தரும் கருவியை வைத்து, நிலையத்திலிருந்து 1–2 கி.மீ. தூரத்தில் அரைவட்டமாக மெதுவாக ஓட்டி, ஆன்டெனாவின் உண்மையான திசைப் பாங்கை, அதாவது எந்தத் திசையிலிருந்து வரும் சிக்னலை அது எப்படி வாங்குகிறது என்பதை, பதிவு செய்யுங்கள். இதைத் தவிர்த்தால் வேகம் சரியாக இருக்கும், ஆனால் அது வேறு திசையில் போய் உட்காரும். படத்தைப் பார்த்து இந்தப் பிழையைக் கண்டுபிடிப்பது கடினம். பக்கத்தில் புதிதாக இரும்பு எதையாவது நட்டாலும் மறுபடி ஓட்ட வேண்டும்.

ரேடார் தூரத்தைக் கட்டங்களாகப் பிரித்தே அளக்கும்; 50 கிலோஹெர்ட்ஸ் பட்டை அகலத்துக்கு ஒரு கட்டம் 3 கி.மீ. முப்பந்தல் காற்றாலைகள் கன்னியாகுமரியிலிருந்து சுமார் 20 கி.மீ. தள்ளி இருக்கின்றன. சுழலும் இறக்கையும் நகரும் நீரைப் போலவே எதிரொலிக்கலாம். நிரந்தரமாக நிறுவும் முன், காற்று பலமாக வீசும் நாளிலும் ஓய்ந்த நாளிலும், காற்றாலைகளின் தூரம் விழும் 7-வது கட்டத்தின் எதிரொலி நிறமாலையை (எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு வலு என்பதை) ஒப்பிடுங்கள். வளிமண்டலத்தின் மேலடுக்கான அயனி மண்டலம் வழியாக வரும் இரைச்சலால் சில நேரங்களில் தூரம் சுருங்கலாம். அதைக் கருவிக் கோளாறு என்று நினைத்துக் கருவியைப் பிரிக்க வேண்டாம்.