ரீபோருக்கு வெளிக்கம்பெனி பிஸ்டன் எடுப்பது எப்படி

ரீபோர் என்றால் தேய்ந்த சிலிண்டரைப் பெரிதாகக் கடைந்து, அதற்கேற்ற பெரிய பிஸ்டன் போடுவது. வண்டிக் கம்பெனியின் பிஸ்டன் இல்லாமல் வேறு கம்பெனியின் பிஸ்டன் எடுப்பதானாலும், முதலில் பிளாக்கை, அதாவது சிலிண்டர் உள்ள எஞ்சின் உடலை, அளக்க வேண்டும். போர் கேஜை (சிலிண்டரின் உள்விட்டம் அளக்கும் கருவி) மேல், நடு, கீழ் என மூன்று இடத்தில், குறுக்கும் நெடுக்குமாக வையுங்கள். மேல் ரிங் திரும்பும் இடத்தில்தான் தேய்மானம் அதிகம். அதைப் பார்த்து 0.25, 0.50, 0.75, 1.00 மி.மீ. ஓவர்சைஸில் (அசலைவிடப் பெரிய அளவு) ஒன்றை முடிவு செய்யலாம்.

பிஸ்டன் கைக்கு வந்த பிறகே போரிங். பெட்டியில் அச்சிட்ட அளவை நம்பிக் கடைந்துவிட்டுப் பின்னால் தலையைச் சொறிவதில் பயனில்லை. பிஸ்டன் கம்பெனி சொல்லும் உயரத்தில், பிஸ்டன் பின்னுக்கு (பிஸ்டனைக் கனெக்டிங் ராடோடு இணைக்கும் தண்டு) செங்குத்தாக, ஸ்கர்ட்டை, அதாவது பிஸ்டனின் கீழ்ப் பக்கச்சுவரை, மைக்ரோமீட்டரில் அளக்க வேண்டும். காஸ்ட் (வார்ப்பு) பிஸ்டனுக்கும் சிலிண்டர் சுவருக்கும் நடுவே பெரும்பாலும் 0.03 முதல் 0.05 மி.மீ. இடைவெளி, கம்பெனித் தாளில் வேறு இருந்தால் அதுதான் கணக்கு.

வேலூர் வெயிலில் இன்னொரு வில்லங்கம். பைக் பெட்டியில் காய்ந்து வந்த பிஸ்டன் பிளாக்கைவிட 20 டிகிரி சூடாக இருந்தால், 75 மி.மீ. விட்டத்தில் சுமார் 0.03 மி.மீ. பெருத்திருக்கும். இடைவெளிக் கணக்கே அதில் போய்விடும். இரண்டையும் இரவு முழுக்கப் பட்டறை நிழலில் வைத்து, காலையில் அளங்கள்.

பிஸ்டன் பின்னின் மையத்திலிருந்து பிஸ்டன் தலைவரை உள்ள உயரத்தைப் பழையதோடு ஒப்பிடுங்கள். குறைந்தால் கம்ப்ரஷன் விழும், கூடினால் வால்வில் இடிக்கும். டீசலில் பிஸ்டன் தலையில் உள்ள குழியின் வடிவமும் ஒத்துப்போக வேண்டும்.

காட்பாடிக்கும் ஆற்காட்டுக்கும் ஓடுகிற வண்டிக்கு ஃபோர்ஜ்டு (அழுத்தி உருவாக்கிய) பிஸ்டன் வீண்செலவு. காலையில் குளிர்ந்த எஞ்சினில் தட்டும் சத்தம் வேறு.