பத்து மாடியா, இருபது மாடியா: கணக்குப் பிசகும் இடங்கள்

கொழும்பு வெள்ளவத்தையில், காலி வீதிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட ஏதாவது ஓர் ஒழுங்கையில் பின்னேரம் நான்கு மணிக்கு நின்று பாருங்கள். இரண்டு தொடர்மாடிகளுக்கு நடுவே ஓர் ஆள் கையை விரிக்கிற அளவுதான் இடம். அதற்குள் இரண்டு பக்கத்து ஏசிப் பெட்டிகளும் சூட்டை ஊதிக்கொண்டிருக்கும். கடற்காற்று முன்வரிசைக் கட்டடத்தோடு நின்றுவிடும். கட்டட உயர வரம்பைத் தளர்த்துவது பற்றிப் பேசுகிறவர்கள் மாடியை எண்ணுவார்கள். இந்த இடைவெளியை யாரும் அளப்பதில்லை.

உயரமாகக் கட்டினால் நிலம் மிச்சம் என்பதுதான் அடிக்கடி கேட்கும் பேச்சு. மிச்சமான நிலத்தை மண்ணாக விட்டால் சரி. இங்கே பல காணிகளில் மதிலுக்கு மதில் கொங்கிரீட், கீழ்த்தட்டுகளில் வாகனத் தரிப்பிடம். தண்ணீர் ஊற ஒரு முழம் மண் இருக்காது. ஒரே அளவு காணியை மூடினால் ஐந்து மாடியானாலும் இருபது மாடியானாலும் கானுக்கு ஓடும் மழைநீர் ஏறத்தாழ ஒன்றுதான். ஆகவே எத்தனை மாடி என்பதோடு, எவ்வளவு தரை திறந்திருக்கும் என்றும் கேளுங்கள்.

கழிவுநீர் அப்படியல்ல, அது ஆட்களோடு கூடும். ஒரு குடும்பம் இருந்த காணிக்கு நாற்பது குடும்பம் வந்தாலும் தெருவுக்கடியில் அதே குழாய்தான். கொழும்பின் கழிவுநீர்க் குழாய் அமைப்பின் அடித்தளம் வெள்ளைக்காரன் காலத்தது. முகத்துவாரத்திலும் வெள்ளவத்தையிலும் அது கடலுக்குள் போய் முடிகிறது. மாடிக்கு அனுமதி கொடுக்கும்போது குழாயைப் பார்க்காமல் விடுவதைத்தான் நான் பெரிய தவறு என்பேன்.

அதற்காக உயரமே வேண்டாம் என்பதும் சரியில்லை. இங்கே வீடு கிடைக்காதவர்கள் மாலபே, கடுவெலப் பக்கம் போவார்கள். அங்கே சதுப்பை நிரப்பி வீடு எழும்பும், காலையில் அத்தனை பேரும் வாகனத்தில் கொழும்புக்கு வருவார்கள். 2018 இல் கொழும்புக்கு, ஈரநிலங்களைக் காப்பதற்கான சர்வதேச உடன்படிக்கையான ராம்சாரின் கீழ், ஈரநில நகரம் என்ற அங்கீகாரம் கிடைத்தது. மழைவெள்ளத்தை வாங்கி வைத்துக்கொள்கிற அந்தச் சதுப்புகள் குறைந்தால் என்ன நடக்கும் என்பதை 2016 மே வெள்ளத்தில் கொலன்னாவைப் பக்கம் தவித்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. நகருக்குள் மாடி ஏற்றுவதில் நியாயம் இருக்கிறது.

ஆனால் நெருக்கமாக வாழ வானளாவக் கட்ட வேண்டும் என்றில்லை. பாரிஸில் இருக்கும் உங்கள் சொந்தக்காரரைக் கேட்டுப் பாருங்கள். அந்நகரில் ஒரு சதுர கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 20,000 பேர். பெரும்பாலான கட்டடங்கள் ஆறேழு மாடிதான். உயரம் கூடக் கூடக் காற்றின் தள்ளலைத் தாங்கச் சதுர அடிக்குக் கம்பியும் சீமெந்தும் அதிகம் வேண்டும். அப்புறம் லிஃப்டுக்கும் தண்ணீர் ஏற்றும் மோட்டாருக்கும் கரண்ட்.

கண்ணாடிச் சுவர் தனிக் கதை. கடல் தெரிய வேண்டுமென்று மேற்கே முழுக்கக் கண்ணாடி போடுகிறார்கள், நிழல் தர ஒரு பல்கனிகூட வைப்பதில்லை. இரண்டு மணிக்குப் பிறகு வெயில் நேரே வீட்டுக்குள். ஏசியைக் கூட்டித் தடித்த திரையையும் இழுத்து மூடுகிறார்கள். கடலும் தெரிவதில்லை.