புதுச்சேரி – திருகோணமலை: பாய்மரப் படகில் போய்த் திரும்ப

நேர்வழியில் சுமார் 220 கடல் மைல். மணிக்கு 5 மைல் ஓடினால் 44 மணி நேரம், அதாவது இரண்டு இரவுகள்.

மார்ச் தொடக்கத்தில், வாடைக் காற்று முழுதாக அடங்குமுன் கிளம்புங்கள், பின்னாலிருந்து தள்ளும். திரும்புவது ஏப்ரலில்: தென்காற்றும் வடக்கே ஓடும் நீரோட்டமும் துணை வரும். மே வரை இழுக்காதீர்கள், புயல் மாதம்.

காற்று நின்றுவிடும் நாளும் உண்டு. மணிக்கு 2 லிட்டர் குடிக்கும் எஞ்சினுக்கு 100 லிட்டர் டீசல் வேண்டும். தண்ணீர் ஆளுக்கு நாளொன்றுக்கு 4 லிட்டர். ஆறு நாள் கணக்கு வையுங்கள்.

காரைக்கால், நாகை பக்கம் இரவில் வலை கிடக்கும். கரையை விட்டு விலகியே போங்கள். புரொப்பெல்லரில் வலை சிக்கினால் உடனே நியூட்ரல் போட்டு எஞ்சினை அணையுங்கள். ஓடவிட்டால் இறுகி, தண்டையே வளைத்துவிடும். பிறகு பாயை இறக்கி, பகல் வெளிச்சத்தில் பிரித்தெடுங்கள். முடிந்தவரை அறுக்க வேண்டாம், அது ஒரு குடும்பத்தின் முதல்.

கிளம்புமுன் சுங்கம், குடியேற்றம், துறைமுகம் மூன்றிலும் அனுமதி வாங்குங்கள். திருகோணமலையில் சோதனை முடியும்வரை மஞ்சள் கொடி பறக்கட்டும். யாரும் கரையிறங்கக் கூடாது. உரிமமில்லாத சாட்டிலைட் போன் இந்தியாவில் குற்றம்.