கடல்நீர் மீன் தொட்டி: உப்புக் கணக்கில் தொடங்கும் தவறுகள்

தூத்துக்குடி உப்பளத்தைப் பார்த்தவர்களுக்குச் சொல்லவே வேண்டாம்: வெயிலில் தண்ணீர் போய்விடும், உப்பு தங்கிவிடும். வீட்டுத் தொட்டியிலும் அதேதான். ஆனால் புதிதாகத் தொட்டி வைத்தவர்கள் பலர், குறைந்த தண்ணீருக்கு ஈடாக மறுபடியும் உப்புநீரையே ஊற்றுகிறார்கள். கணக்குப் பாருங்கள். 100 லிட்டர் தொட்டி, லிட்டருக்கு 35 கிராம் என்றால் மொத்தம் 3.5 கிலோ உப்பு. 10 லிட்டர் ஆவியாகி, அதை உப்புநீரால் நிரப்பினால் லிட்டருக்கு 38.5 கிராம் ஆகிவிடும். மூன்று முறை இப்படிச் செய்தால் 45-ஐத் தாண்டும். ஆவியான அளவுக்கு நல்ல தண்ணீர்தான் ஊற்ற வேண்டும், முடிந்தால் ஆர்.ஓ. தண்ணீர். பழைய நீரை எடுத்துவிட்டு மாற்றும்போதுதான் உப்புநீர். நீரில் உள்ள உப்பின் அளவைக் காட்டும் ரிஃப்ராக்டோமீட்டர் என்ற கருவி ஒன்றை வாங்கி, அடர்த்தி 1.025-ஐ ஒட்டி நிற்கிறதா என்று அடிக்கடி பாருங்கள்.

அடுத்தது அவசரம். தண்ணீர் பளிங்குபோலத் தெளிந்ததும் மீனை விட்டுவிடுகிறோம். மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியா மீனுக்கு நஞ்சு, ஆனால் கண்ணுக்குத் தெரியாது. அதை நைட்ரைட்டாகவும், பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியா கல்லிலும் மணலிலும் பெருக வேண்டும். அதற்குப் பெரும்பாலும் 4 முதல் 6 வாரம் பிடிக்கும். சோதனைக் கிட்டில் அம்மோனியா, நைட்ரைட் இரண்டும் பூஜ்யம் காட்டும்வரை காத்திருங்கள்.

சென்னை மே மாத வெயிலில் தொட்டி நீர் எளிதாக 30 டிகிரியைத் தாண்டும். சூடான நீரில் ஆக்சிஜன் குறைவாகவே கரையும். மேலே ஒரு சின்ன ஃபேன் வைத்தால் சூடு தணியும். ஆனால் ஆவியாவதும் கூடும், உப்பை இன்னும் கவனிக்க வேண்டும். கரன்ட் போனால் ஓட பேட்டரி ஏர் பம்ப் ஒன்று கட்டாயம்.

வெள்ளைப் புள்ளி நோய்க்குச் செம்பு கலந்த மருந்தைத் தொட்டியிலேயே ஊற்றாதீர்கள். மீன் பிழைத்தாலும் இறாலும் பவளமும் செத்துவிடும். நோயுற்ற மீனைத் தனித் தொட்டிக்கு மாற்றி மருந்து கொடுங்கள்.

எனக்கு அதிகம் வலிப்பது வேறொன்று: ராமேஸ்வரம் பக்கம் போனபோது எடுத்தது என்று பவளத் துண்டைத் தொட்டியில் வைப்பது. கல்போன்ற பவளங்களும் கடல்குதிரையும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருபவை. எடுப்பதும் விற்பதும் குற்றம். மன்னார் வளைகுடாவின் பவளத்திட்டுகள் ஏற்கெனவே நொந்து கிடக்கின்றன. செயற்கைக் கல்லே போதும். கோமாளி மீனை ராமேஸ்வரம் அருகே மண்டபம் என்ற ஊரிலுள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தில் குஞ்சு பொரிக்க வைத்து வளர்த்திருக்கிறார்கள். அப்படி வளர்த்த மீனா என்று கடையில் கேளுங்கள். அப்புறம், தீனி போட்டுக் காட்டச் சொல்லுங்கள். அங்கேயே தின்னாத மீனை வாங்காதீர்கள்.