தண்ணீர்ச் சத்தமும் கண் அசைவுச் சிகிச்சையும்: என் அனுபவம்

தண்ணீர்த் தாங்கி நிரம்பி நிலத்தில் வழியிற சத்தம் கேட்டால் போதும், நெஞ்சு படபடத்துக் கை குளிர்ந்துவிடும். 2004 மார்கழி 26 சுனாமிக்குப் பிறகு வந்தது. நித்திரைக் குளிசை போட்டேன். விடிய மந்தமாக இருந்ததுதான் மிச்சம். கடலைப் பார்த்தால் பயம் தெளியும் என்று நிலாவெளிக்குக் கூட்டிப் போனார்கள். கடல் ஒன்றும் செய்யவில்லை. வீட்டுக்கு வந்தால் பழையபடிதான்.

கடைசியில் திருகோணமலையிலேயே ஈ.எம்.டி.ஆர் (உறுத்தும் நினைவை நினைத்தபடி கண்ணை இடமும் வலமும் அசைக்கும் சிகிச்சை) பயின்ற உளவளத்துணையாளர் ஒருவர் கிடைத்தார். பிரான்சைன் ஷாபிரோ 1987இல் தொடங்கிய முறை. உலக சுகாதார நிறுவனம் 2013இல் பரிந்துரைத்தது. முதலில் மனதை அமைதிப்படுத்தப் பழக்கினார். பிறகு, எந்தக் காட்சி அதிகம் உறுத்துது என்று கேட்டார். அலை என்றேன். அதை வைத்துச் செய்ததில் பதற்றம் குறையவே இல்லை. கிளறிப் பார்த்தால், உண்மையில் உறுத்தியது கதவுக்குக் கீழால் கறுப்பாக ஊர்ந்து வந்த முதல் தண்ணீர்தான்!

அதை நினைத்தபடி அவருடைய விரலைக் கண்ணால் இடமும் வலமும் பின்தொடர்ந்தேன். தலை சுற்றியதால் முழங்கால்களில் மாறி மாறித் தட்டினார். அதுவும் இதே முறையில் உள்ளதுதான். ஒவ்வொரு சுற்றும் அரை நிமிடமளவு. முடிய, "இப்ப என்ன வருது அக்கா?" அவ்வளவுதான் கேள்வி. 10க்கு 9ஆக இருந்த பதற்றம் போகப்போக 1க்கு இறங்கியது.

வீடியோ பார்த்துத் தனியாகச் செய்யாதீர்கள். நினைவு கிளம்பும்போது பக்கத்தில் இந்த முறை தெரிந்த ஆள் வேண்டும்.