ஏஐயை நம்பித் தோட்ட வரலாறு எழுதும் பிள்ளைகளுக்கு

சனிக்கிழமை ஆனால் மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட்டில் என் வீட்டுக்கு நாலைந்து கல்லூரிப் பிள்ளைகள் வந்துவிடுவார்கள். பாட்டி வாழ்ந்த ரப்பர் தோட்டத்தைப் பற்றிக் கட்டுரை எழுத வேண்டுமாம். கைப்பேசியில் ஏஐ எழுதிக்கொடுத்தது தயாராக இருக்கும். அப்படியே ஒட்டக்கூடாது என்று விரிவுரையாளர்களே சொல்லியிருப்பார்கள். தவிர்க்க வேண்டிய தவறுகளில் நான் பட்டதை மட்டும் சொல்கிறேன்.

"இது உண்மையா?" என்று அதனிடமே கேட்பது

ஒரு தமிழ்ப்பள்ளி ஆண்டு மலருக்காக எங்கள் தோட்டத்தைப் பற்றி எழுதினேன். 1941-இல் தோட்டத் தொழிலாளர்கள் செய்த வேலைநிறுத்தம் இங்கேயும் நடந்தது என்று ஏஐ சொன்னது. தலைவர் பெயரும் கொடுத்தது. சந்தேகப்பட்டு, "உறுதியா?" என்று கேட்டேன். "ஆம்" என்று ஒரு நூலின் பெயரையும் பக்க எண்ணையும் நீட்டியது. பக்க எண் வரை சொல்கிறதே என்று நம்பி அச்சுக்குக் கொடுத்துவிட்டேன். 500 பிரதிகள்.

விழாவன்று, மரம் வெட்டி (ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுத்து) ஓய்ந்த தாத்தா ஒருவர் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு 14-ஆம் பக்கத்தில் விரலை வைத்தார். "தம்பி, அந்த ஸ்டிரைக்கு கிள்ளான் பக்கம்ல நடந்துச்சு? எங்கப்பா அப்ப இங்கதான் மரம் வெட்டினாரு. ஒரு நாளும் பெரட்டு நின்னதில்லம்பாரு. யாரு சொன்னா உங்களுக்கு?"

பெரட்டு என்றால் காலையில் வேலைக்கு முன் ஆள் கணக்கெடுப்பது. அவர் சொன்னதுதான் சரி. ஆர்.எச். நாதன் முன்னின்ற அந்தப் போராட்டம் சிலாங்கூரில் நடந்தது. ஏஐ சொன்ன நூலை எங்கு தேடியும் காணோம். மூன்று இரவுகள் திருத்தத் துண்டுகளை வெட்டி, பசை தடவி, பக்கம் பக்கமாக ஒட்டினேன். வீடுகளுக்குப் போய்விட்ட பிரதிகளை என்ன செய்ய?

1948 ஜூன் 16-இல் இங்கே சுங்கை சிப்புட்டில் மூன்று துரைமார் (வெள்ளைக்காரத் தோட்ட அதிகாரிகள்) கொல்லப்பட்டதைக் கேளுங்கள், சரியாகச் சொல்லும். அதைப் பற்றி ஏராளமாக எழுதியிருக்கிறார்கள். அந்தச் சரியான பதில்தான் நம்மை ஏமாற வைக்கிறது. அடுத்து எந்தச் சொல் பொருந்தும் என்று கணித்துத்தான் அது எழுதுகிறது. யாரும் எழுதாத சின்னத் தோட்டம் என்றால் பொருத்தமானதை இட்டு நிரப்பிவிடும். "உறுதியா?" என்றாலும் அதே கணிப்புதான்.

நியூயார்க்கில் ஒரு வழக்கறிஞர், சாட்ஜிபிடி கொடுத்த தீர்ப்புகள் உண்மைதானா என்று அதனிடமே கேட்டார். உண்மை என்றது. நீதிமன்றத்தில் பார்த்தால் அப்படி வழக்குகளே இல்லை. 2023-இல் 5,000 டாலர் அபராதம். இவ்வளவுக்குப் பிறகும் போன வாரம் ஒரு பிள்ளை, "அதையே கேட்டுச் சரிபார்த்துட்டேன் சார்" என்றபோது எனக்குக் கோபம் வந்தது.

நூல் பெயர் தந்தால் நூலைக் கையில் எடுங்கள், பக்கத்தைத் திறங்கள். சிங்கப்பூர் தேசிய நூலகத்தின் இணையதளத்தில் பழைய பத்திரிகைகளைத் தேடிப் படிக்கலாம். கோலாலம்பூரில் தேசிய ஆவணக் காப்பகம் இருக்கிறது.

நம் சொற்களை ஏஐ திருத்த விடுவது

பெரட்டு, கிராணி (தோட்டக் கணக்கர்), லயம் (தொழிலாளர்களின் வரிசை வீடுகள்), ஒட்டுப்பால் (மரத்தில் உறைந்த ரப்பர் பால்). இவற்றில் ஒன்றைக்கூட மாற்ற விடாதீர்கள்.

பாட்டியின் அடையாள அட்டை எண்ணை ஏஐக்குள் போடுவது

கூடவே கூடாது.

பெரியவர்களைக் கடைசியில் பார்ப்பது

முதலில் அவர்களிடம் போங்கள். அந்தத் தாத்தாவுக்கு இப்போது காது மந்தம். காலையில் பத்து மணிக்குள் போய், வலது பக்கமாக உட்கார்ந்து கேட்டால் நன்றாகப் பேசுவார்.