இழுப்பு வரும் பிள்ளைக்கு எதிர்ப்புச் சக்தி குறைவா? பெற்றோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

"பிள்ளைக்கு எதிர்ப்புச் சக்தி இல்லை, அதனால்தான் அடிக்கடி இழுக்கிறது" என்று சொல்லி டானிக்கும் லேகியமும் வாங்கிக் கொடுக்கிறோம். முதல் தவறு இதுதான். ஒவ்வாமை ஆஸ்துமாவில் எதிர்ப்பணுக்கள் சோர்ந்து கிடப்பதில்லை. தலையணைத் தூசியில் வாழும் உண்ணியின் கழிவைக்கூடப் பகையாக எண்ணிக் கிளம்பிவிடுகின்றன. டி செல்கள் என்னும் வெள்ளணுக்கள் தூண்ட, பி செல்கள் என்னும் வேறு வகை வெள்ளணுக்கள் ஐஜிஇ என்னும் எதிர்ப்பொருளைச் சுரக்கின்றன. அது மூச்சுக்குழல் சுவரில் இருக்கும் மாஸ்ட் செல்கள் என்னும் எதிர்ப்பணுக்களின் மேல் ஒட்டிக் காத்திருக்கும். அதே தூசி மறுபடி மூச்சில் ஏறினால், சில நிமிடங்களில் அந்த செல்கள் ஹிஸ்டமின் என்னும் வேதிப்பொருளைக் கொட்ட, மூச்சுக்குழல் சுருங்கும்.

அதோடு விடுவதில்லை. சில மணி நேரம் கழித்து ஈசினோபில்கள் வந்து சேரும். 1879-இல் பால் எர்லிக் இயோசின் சாயமேற்றி, சிவந்து தெரிந்த குருணைகளால் அடையாளம் கண்ட வெள்ளணுக்கள் இவை. அந்தக் குருணைகளின் புரதங்கள் குழலின் உட்படலத்தை அரிக்கும். மாலையில் பழைய மெத்தையை உதறிய வீட்டில், நள்ளிரவில் பிள்ளை எழுந்து உட்கார்ந்து விலா குழிய மூச்சு வாங்குவதற்கு இதுவும் ஒரு காரணம்.

எனக்குப் பெரிதும் கவலை தருவது அடுத்த தவறு. பெரும்பாலும் நீல நிறத்தில் வரும் சால்பியூட்டமால் இன்ஹேலர், இறுகிய தசையைத் தளர்த்தும். பிள்ளை உடனே விளையாடப் போய்விடும். ஆனால் ஈசினோபில் வீக்கம் அப்படியே இருக்கும். அதை அடக்குவது மருத்துவர் தினமும் எடுக்கச் சொல்லும் ஸ்டீராய்டு இன்ஹேலர். இருமல் நின்றதும் நாமாக அதை நிறுத்தினால், வீக்கம் சத்தமில்லாமல் திரும்பிவிடும். வளர்ச்சி நின்றுவிடும் என்று அஞ்ச வேண்டாம். நீண்ட காலம் எடுத்தவர்களின் உயரத்தில் சுமார் 1 செ.மீ. குறையலாம், அவ்வளவே. அடங்காத ஆஸ்துமாவும் வளர்ச்சியைப் பாதிக்கும்.

ரத்தத்தில் ஈசினோபில் கூடியதை மட்டும் வைத்து ஆஸ்துமா என்று முடிவு கட்டாதீர்கள். குடற்புழு இருந்தாலும் கூடும். அதேபோல் மாதக்கணக்கான இருமலை, உரிய பரிசோதனையின்றி 'பிரைமரி காம்ப்ளக்ஸ்' என்று காசநோய்க் கணக்கில் சேர்ப்பதும் தவறு.

இன்ஹேலரை நேரடியாக வாயில் அடித்தால் மருந்தில் பெரும்பகுதி தொண்டையிலேயே தங்கிவிடும். ஸ்பேசர் (மருந்தைத் தேக்கி, மூச்சோடு உள்ளே போகவைக்கும் குழாய்) பொருத்துங்கள். நன்றாகக் குலுக்கி, ஸ்பேசரின் முகமூடி இடைவெளியின்றிப் பதிய, ஒரு முறை அழுத்தி, பிள்ளை ஐந்தாறு முறை மூச்சு விடும்வரை பிடித்திருங்கள். அடுத்த அழுத்தம் அதன் பிறகு. ஸ்டீராய்டு என்றால் கடைசியில் வாய் கொப்பளிக்க வையுங்கள். ஒரு வாக்கியம் முழுதாகப் பேச முடியாமல் மூச்சு வாங்கினாலோ, உதடு நீலம் பாரித்தாலோ, விடியட்டும் என்று காத்திருக்காமல் மருத்துவமனைக்குக் கிளம்பிவிடுங்கள்.